பிசினை மாற்றும் முன்: கம் பிரிண்ட் பழகும் பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

கம் பிரிண்ட் பழக வருகிற பிள்ளைகள் இப்போதெல்லாம் முதல் நாளே கேட்டுவிடுகிறார்கள்: "அண்ணாச்சி, வேலம்பிசின் கட்டாயம் வேணுமா? ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில விக்கிற பி.வி.ஏ. போதாதா?"

கேட்க வேண்டிய கேள்விதான். வேலம்பிசினின் இனமான அரபுப் பிசினில், உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு சூடானிலிருந்து வருகிறது. 2023 ஏப்ரலில் அங்கே போர் மூண்டதிலிருந்து வரத்து நிச்சயமில்லாமல் போய்விட்டது. கரைத்து வைத்த பிசின் நம் வெக்கையில் சீக்கிரம் புளித்தும் போகிறது. பி.வி.ஏ. போன்ற செயற்கைப் பசை அப்படிப் புளிப்பதில்லை, ஒரே வகையானால் கடைக்குக் கடை குணமும் மாறுவதில்லை. மாற்று தேடுவதில் தவறில்லை. ஆனால் இந்த வேலையில் ஆளைக் கெடுக்கும் பொருள் பிசின் இல்லை, அதை வெளிச்சத்தில் இறுகவைக்க அதோடு சேர்க்கும் பைக்ரோமேட் என்ற குரோமிய உப்பு. செயற்கைப் பசைக்கு நான் கொடுக்கும் மதிப்பெல்லாம், பைக்ரோமேட்டை விட்டுவிட அது வழிசெய்கிறது என்பதற்காகத்தான். கீழே சொல்வதை அந்தக் கண்ணோடு படியுங்கள்.

1. வேலை எப்படி நடக்கிறது என்பதை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிசின் கரைசலில் நிறப்பொடி கலந்து, பைக்ரோமேட் சேர்த்துத் தாளில் பூசிக் காயவைக்கிறோம். மேலே நெகட்டிவை வைத்து வெயில் காட்டுகிறோம். வெளிச்சம் பட்ட இடத்தில் பைக்ரோமேட்டின் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனாக இறங்கி, பிசின் இழைகளை ஒன்றோடொன்று கட்டிவிடுகிறது. கட்டுண்ட பிசின் தண்ணீரில் கரையாது. வெளிச்சம் படாத பிசின், கழுவும்போது நிறத்தோடு சேர்ந்து கழன்று போய்விடும். தாளில் நிற்பதுதான் படம்.

1839இல் ஸ்காட்லாந்தின் மங்கோ பாண்டன் பைக்ரோமேட் தடவிய தாள் வெயிலில் நிறம் மாறுவதைக் கண்டார். 1855இல் பிரான்சின் அல்ஃபோன்ஸ் புவாத்வேன் இதோடு நிறப்பொடியைச் சேர்த்துப் படம் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1858இல் ஜான் பவுன்சி லண்டனில் இவ்வகைப் படங்களைக் காட்டினார். 1890களில் பாரிசின் ராபர்ட் தமாஷி இதை ஒரு கலையாகவே வளர்த்தார். இதில் வெள்ளி உப்பு கிடையாது. நிறப்பொடி எவ்வளவு காலம் மங்காதோ அவ்வளவு காலம் படமும் மங்காது.

ஆக, பிசினுக்கு மூன்று வேலை: நிறத்தைத் தாங்க வேண்டும், சாதாரணத் தண்ணீரில் கரைய வேண்டும், வெளிச்சம் பட்டதும் கரையாமல் இறுக வேண்டும். எந்த மாற்றைக் கையில் எடுத்தாலும் இந்த மூன்றையும் அதனிடம் கேளுங்கள்.

2. மாற்றைத் தேடுமுன் நாட்டுப் பிசினைக் கையால் அறியுங்கள்.

நம் சுரண்டையைச் சுற்றி எந்தக் குளத்துக்குப் போனாலும் நாட்டுக் கருவேலம் நிற்கும். பங்குனி, சித்திரை வெயிலில் பட்டை வெடித்த இடத்தில் பிசின் துளியாகத் திரண்டு காயும். தானாக வடிந்ததை மட்டும் எடுங்கள். அரிவாளால் பட்டையைக் கொத்தாதீர்கள். குளத்து மரம் பொதுச்சொத்து, கேட்டுவிட்டு எடுங்கள்.

எடுத்த பிசினில் பட்டைத் துணுக்கும் மண்ணும் ஒட்டியிருக்கும். 40 கிராம் எடுத்து, பழைய வேட்டித் துணியில் தளர முடிந்து, 100 மில்லி தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில், முடிச்சு மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே முங்கி நிற்கும்படி ஒரு குச்சியில் கட்டித் தொங்க விடுங்கள். பிசின் கரையக் கரைய, கனத்த கரைசல் முடிச்சிலிருந்து நூல் நூலாக அடிக்கு இறங்குவது வெளிச்சத்தில் தெரியும். மறுநாள் காலையில் துணிக்குள் குப்பை மட்டும் மிஞ்சியிருக்கும். அடுப்பில் வைக்க வேண்டாம். இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம் விட்டு வைத்தால் புளிப்பு தள்ளிப்போகும்.

நம் கருவேலம் பிசின் செம்பழுப்பாக இருக்கும். கறுப்பு, காவி, கருநீலம் போன்ற அழுத்தமான நிறங்களுக்கு அது போதும். மஞ்சளுக்கும் இளஞ்சிவப்புக்கும் சூடான் பிசின் போல வெளிர்ந்தது வேண்டும்.

3. நாட்டு மருந்துக் கடையில் பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

வெறுமனே "பிசின்" என்றால் பாதாம் பிசினை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது தண்ணீரில் கரையாது, பலமடங்கு ஊதிக் கூழாக நிற்கும். ஜிகர்தண்டாவுக்கு அந்தக் குணம் வேண்டும், நமக்கு ஆகாது. முருங்கைப் பிசினும் அப்படித்தான். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். கரைந்தால் வேலைக்காகும், ஊதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

4. மாற்றுப் பசை புதுக்கண்டுபிடிப்பு என்று நினைக்காதீர்கள்.

அச்சுத்தொழில் இந்தப் பாதையில் நமக்கு முன்பே நடந்துவிட்டது. பத்திரிகைப் படங்களுக்கு ஹாஃப்டோன் பிளாக் செய்த காலத்தில், செம்புத் தகட்டிலும் துத்தநாகத் தகட்டிலும் மீன் பசையோடு பைக்ரோமேட் கலந்து பூசினார்கள். ஆஃப்செட்டில் டீப் எட்ச் தகட்டுக்கு அரபுப் பிசினும் அம்மோனியம் பைக்ரோமேட்டும் சேர்ந்த பூச்சு இருந்தது. பிறகு பி.வி.ஏ. தகடு வந்தது, குரோமியம் இல்லாத டயசோ பூசும் வைப்-ஆன் தகடு வந்தது, பூச்சோடேயே வரும் பி.எஸ். தகடு வந்தது. இன்று கணினியிலிருந்து நேரே தகடு எடுக்கிறார்கள். தீப்பெட்டி லேபிளில் தொடங்கிக் காலண்டர் வரை வளர்ந்த சிவகாசியின் மூத்த தொழிலாளிகளிடம் கேட்டால் இந்த வரிசையை மனப்பாடமாகச் சொல்வார்கள். தகட்டைக் காக்கப் பூசும் கம்மில்கூட இயற்கைப் பிசினுக்குப் பதில் செல்லுலோஸ் பசை, மாவிலிருந்து எடுத்த பசை எல்லாம் வந்தாயிற்று.

பழைய கலர் டிவியின் திரையில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைப் பதித்ததும் பி.வி.ஏ.வையும் பைக்ரோமேட்டையும் கொண்டுதான். ஒரு தொழிலில் பழுத்த பொருளை நம் கலைக்கு வாங்கிக்கொள்கிறோம். அந்தத் தொழில்காரர்களைத் தேடிப்போய்க் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

5. பி.வி.ஏ. வேறு, மரவேலைக்கான வெள்ளைப் பசை வேறு.

வெள்ளைப் பசை பாலிவினைல் அசிடேட். பால் போல இருக்கும், காய்ந்தபின் சாதாரணத் தண்ணீரில் கரையாது. அதைப் பூசினால் வெளிச்சம் படாத இடமும் தாளைவிட்டுப் போகாது. நமக்கு வேண்டியது பாலிவினைல் ஆல்கஹால். 1924இல் ஜெர்மனியில் ஹெர்மானும் ஹேனலும் உண்டாக்கியது. வெள்ளைக் குருணையாகவோ பொடியாகவோ கிடைக்கும்.

பொட்டலத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 88 என்று முடிந்தால் எளிதில் கரையும் வகை. 99 என்று முடிந்தால் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்காமல் கரையாது, காய்ந்த பூச்சும் பச்சைத் தண்ணீருக்கு அசையாது. தொடங்குபவர்களுக்கு 88தான். 0588, 1788 என்று எழுதியிருந்தால் முதல் இரண்டு இலக்கம் இழையின் நீளத்தைக் காட்டுவது. 05 இளக்கமான கரைசல் தரும், தூரிகைக்கு இதம். 17 கெட்டியாக இருக்கும்.

6. பி.வி.ஏ.வைப் பொறுமையாகக் கரையுங்கள்.

100 மில்லி பச்சைத் தண்ணீரில் 8 முதல் 10 கிராம் வரை, கிளறிக்கொண்டே சிறிது சிறிதாகத் தூவுங்கள். சுடுதண்ணீரில் நேராகக் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் குழைந்து, உள்ளே மாவு மாறாத கட்டிகளாகிவிடும். தூவியபின் கொதிதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் குவளையை வைத்து, கரைசல் கண்ணாடி போலத் தெளியும் வரை மெல்லக் கிளறுங்கள். ஓங்கிக் கலக்கினால் நுரை கட்டும். அந்த நுரை பூச்சில் ஊசித் துளைகளாக வந்து நிற்கும். ஆறவைத்து வடிகட்டி, ஒரு ராத்திரி விட்டு எடுங்கள்.

7. பி.வி.ஏ. பக்கத்தில் போராக்ஸ் வரக்கூடாது.

புளிக்காமல் இருக்கப் பிசினில் சிலர் போராக்ஸ் போடுவார்கள். அதே கையோடு பி.வி.ஏ.விலும் போட்டால் கண்முன்னே ரப்பர் போல இழுபடும் கூழாகிவிடும். வெங்காரம் என்று மருந்துக் கடையில் விற்பதும் அதுதான். பாத்திரம், தூரிகை எல்லாம் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நிறத்திலும் கவனம் வேண்டும். ட்யூப் வாட்டர்கலர்களில் ஏற்கெனவே பிசின் இருக்கிறது. பி.வி.ஏ.வோடு சில நிறங்கள் சேராமல் பிரிந்து போகும். ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் கலந்து, காயவிட்டுப் பார்த்தபின் தாளுக்குப் போங்கள். உலர்ந்த நிறப்பொடியைத் தண்ணீர் விட்டு அரைத்துச் சேர்ப்பது இன்னும் நல்லது.

8. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பசையை மாற்றினால் தாள், நிறம், நெகட்டிவ் அப்படியே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு, படம் வரவில்லை என்றால் எதைக் குறைசொல்வீர்கள்? ஸ்டெப் வெட்ஜ் என்னும் படிப்பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 21 படி உள்ளதில் ஒவ்வொரு படியும் அரை ஸ்டாப் வித்தியாசம். வாங்க முடியாதவர்கள் ஜெராக்ஸ் கடையில் வெளுப்பிலிருந்து கறுப்புவரை கட்டம் கட்டமாக ஒரு பட்டையை ஓ.எச்.பி. ஷீட்டில் எடுத்துக்கொள்ளலாம். அதை வைத்து ஒரு பட்டைத் தாளுக்கு வெயில் காட்டிக் கழுவினால், முகம், மலை, அருவி என்று எதுவும் கண்ணை ஏமாற்றாது. எத்தனை படி பிரிந்து நிற்கிறது, வெள்ளை எவ்வளவு சுத்தம் என்பது மட்டும்தான் தெரியும்.

9. பி.வி.ஏ.வின் குணம் வேறு. அதைப் பிசினாக்க முயலாதீர்கள்.

என் கையில் கண்டதைச் சொல்கிறேன். பி.வி.ஏ. சீக்கிரம் இறுகும். பிசினுக்குக் காட்டும் நேரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். வெள்ளை சுத்தமாக வரும், விளிம்பு கூராக நிற்கும். ஆனால் நடுத்தரச் சாயல்கள் பிசினில் வருவதுபோல் மெதுமெதுவாக இறங்குவதில்லை. கழுவும்போது பிசின் படிப்படியாகக் கரைந்து விடும். பி.வி.ஏ. சில நேரம் ஏடாகக் கழலும். தூரிகையால் தடவி ஒரு மேகத்தை வெளுக்க வேண்டும், ஒரு முகத்தை மென்மையாக்க வேண்டும் என்றால் பிசின் கைக்கு இசையும். காய்ந்த பி.வி.ஏ. மேல் ஒரு மினுமினுப்பும் உண்டு.

மூன்று நான்கு பூச்சு அடுக்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வழவழப்பான முதல் பூச்சின்மேல் அடுத்தது ஒட்டாமல் சுருண்டு திரளும். முதல் பூச்சை மெல்லியதாக இழுங்கள், தாளின் சொரசொரப்பு மேலே தெரிய வேண்டும். 300 ஜி.எஸ்.எம். பருத்தித் தாள் இதைத் தாங்கும்.

10. பைக்ரோமேட்டை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியம் பைக்ரோமேட், அம்மோனியம் பைக்ரோமேட் இரண்டிலும் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அதன் தூசு மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும் என்பது உறுதியான செய்தி. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. தோலில் பட்டால் எளிதில் ஆறாத குழிப்புண் வரலாம். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் இவற்றைப் பயன்படுத்த முடியாது.

ஐரோப்பா வரை போக வேண்டாம், ராணிப்பேட்டையைப் பாருங்கள். சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை பைக்ரோமேட் தயாரித்தது. 1990களில் மூடப்பட்டபோது ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. அந்தக் குவியல் பல பத்தாண்டு அங்கேயே கிடந்து, மழைக்கு மழை கரைந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. நாம் எடுப்பது சில கிராம்தானே என்று தோன்றும். பொருள் அதேதான், நம் கிணறும் ஊர்க் குளமும் அந்த நிலத்தடி நீரைவிடச் சிறியவை.

கையுறை போட்டால் போதாதா என்பீர்கள். பொடியை நிறுக்கும்போது பறக்கும் தூசைக் கையுறை தடுக்காது. பிள்ளைகள் நடமாடும் வீட்டில், சமையலறைத் தராசில் செய்கிற வேலை இல்லை இது. முறையான ஆய்வகமும், கழிவுக்கு வழியும், அறிந்தவர் மேற்பார்வையும் இருந்தாலொழியத் தொடாதீர்கள்.

11. செயற்கைப் பசையின் உண்மையான பலன் டயசோவிலும் எஸ்.பி.கியூ.விலும் இருக்கிறது.

டயசோ என்பது ஸ்கிரீன் பிரிண்டிங் எமல்ஷனோடு தனிப் புட்டியில் வரும் சென்சிடைசர். குரோமியம் இல்லை. பி.வி.ஏ.வை நன்றாக இறுக்கும். வேலம்பிசினோடு எளிதில் ஒத்துப்போகாது. பிசின் தண்ணீரில் எதிர்மின்னூட்டம் கொண்டது, டயசோ நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் சேர்ந்தால் திரிந்துபோகும். அதனால்தான் குரோமியத்தை விட வேண்டுமென்றால் பசையையும் மாற்ற வேண்டியிருக்கிறது.

எஸ்.பி.கியூ. இன்னொரு படி மேல். 1980 வாக்கில் ஜப்பானிய வேதியியலாளர் குனிஹிரோ இச்சிமுராவின் ஆய்வில் உருவானது. வெளிச்சத்துக்கு இறுகும் பகுதியைப் பி.வி.ஏ. இழையிலேயே கட்டிவைத்திருப்பார்கள். கலக்க வேண்டியதில்லை, ஒரே டப்பா. கலந்த டயசோ எமல்ஷன் குளிரில் வைத்தால் சில வாரம் தாங்கும். எஸ்.பி.கியூ. மாதக்கணக்கில் தாங்கும். விலை அதிகம், வெளிச்சத்துக்கு வேகமும் அதிகம்.

வாங்கும்போது கவனியுங்கள்: கடை எமல்ஷன்களில் பூச்சு கண்ணுக்குத் தெரிவதற்காக நீலமோ ஊதாவோ சாயம் சேர்த்திருப்பார்கள். அது படத்தின் நிறத்தையும் சாய்த்துவிடும். சாயம் இல்லாததைக் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்களோடு தொடங்குங்கள். எமல்ஷன் ஸ்கிரீனுக்காகக் கெட்டியாகச் செய்தது. தாளுக்கு ஒன்றுக்கு ஒன்றோ, ஒன்றுக்கு இரண்டோ தண்ணீர் விட்டு இளக்குங்கள். டயசோ ஓர் இள மஞ்சளைத் தாளில் விட்டுப்போகும். அதையும் கணக்கில் வைத்து நிறம் தேர்ந்தெடுங்கள்.

12. சாரல் காலத்தை மதியுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றாலத்தில் சாரல் என்றால் சுரண்டையில் காற்றும் ஓடுகிற மேகமும். ஒரு நிமிடம் சுள்ளென்று அடிக்கும், அடுத்த நிமிடம் மூடிவிடும். கடிகாரத்தைப் பார்த்து வெயில் காட்டினால் இரண்டு தாள் ஒன்றுபோல் வராது. அந்த மாதங்களில் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையின் எக்ஸ்போசிங் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பயன்படுத்துங்கள்.

ஈரப்பதம் இன்னொரு தொல்லை. எமல்ஷன் பூச்சு முழுக்கக் காயாமல் வெளிச்சம் காட்டினால் சரியாக இறுகாது, கழுவும்போது படமே போய்விடும். நெகட்டிவும் ஒட்டிக்கொள்ளும். பூசிய தாளை மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவைத்து, நெகட்டிவுக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் ஷீட் ஒன்று வையுங்கள். பூசிய அன்றே வேலையை முடியுங்கள்.

13. கழுவிய தண்ணீருக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

குற்றாலத்து அருவித் தண்ணீர்தான் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வாய்க்காலில் ஊற்றியது அங்கே போய்ச் சேராது என்று எண்ணக் கூடாது. குரோமியம் இல்லாத எமல்ஷனானாலும் முதல் கழுவலை வாளியில் பிடித்து, நிறம் படியவிட்டு, துணியில் வடித்து, வண்டலைக் குப்பைக்குத் தனியாகக் கட்டுங்கள். யாராவது பழைய பைக்ரோமேட் கரைசல் கொடுத்தால் மூடிய கேனில் பெயர் எழுதி, கழிவை முறையாக அனுப்பும் ஆய்வகத்தில் ஒப்படையுங்கள். மெட்டாபைசல்ஃபைட் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் பச்சையாகும், நஞ்சும் குறையும். ஆனால் பச்சையாகிவிட்டதே என்று சாக்கடையில் கொட்டிவிடாதீர்கள்.

14. படத்தின் பின்புறம் உண்மையை எழுதுங்கள்.

பசை எது, சென்சிடைசர் எது, நிறப்பொடி எது, தேதி என்ன என்று பென்சிலால் எழுதுங்கள். பி.வி.ஏ.வில் எடுத்ததைக் கம் பிரிண்ட் என்று விற்காதீர்கள். வாங்குகிறவருக்கு அது தெரிய வேண்டும். பிசின் படம் நூறு ஆண்டுக்கு மேல் நிற்பதை உலகம் பார்த்துவிட்டது. எஸ்.பி.கியூ. படத்துக்கு அந்த வயது இன்னும் வரவில்லை. நீங்கள் எழுதிவைக்கும் குறிப்புதான் பின்னால் வருகிறவர்களுக்குச் சான்று.

15. முதலில் செய்ய வேண்டியது இது.

பருத்தித் தாளில் இரண்டு பட்டை வெட்டுங்கள். இரண்டிலும் ஒரே கறுப்பு நிறப்பொடி. ஒன்றில் வேலம்பிசினைப் பைக்ரோமேட் இல்லாமல், வெறும் பிசினும் நிறமுமாகப் பூசிக் காயவைத்துக் கழுவுங்கள். தாள் எவ்வளவு வெளுக்கிறது, கறை எங்கே தங்குகிறது என்று பாருங்கள். மற்றதில் டயசோ சேர்த்த பி.வி.ஏ.வைப் பூசிப் படிப்பட்டையை வைத்து வெளிச்சம் காட்டிக் கழுவுங்கள். முதல் பட்டை நிறமும் தாளும் எப்படிப் பழகுகின்றன என்று கற்றுத்தரும். இரண்டாவது வெளிச்சத்தைக் கற்றுத்தரும். இரண்டும் கைவந்தபின் உங்கள் ஊர்ச் சந்தையையோ, வீட்டுப் பெரியவர் முகத்தையோ எடுத்துப் பாருங்கள். வருகிற படம் நன்றாக இருக்கும், எடுத்த கையும் நன்றாக இருக்கும். என்னிடம் பழக வருகிறவர்களுக்கு நான் வேண்டுவது இந்த இரண்டையும்தான்.